நான்கு வரிக் கடிதத்துக்கு மூன்று வாரம்

இன்றும் கையெழுத்து கிடைக்கவில்லை. பகுதிநேர எம்.இ. படிப்புக்கு விண்ணப்பிக்க, வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து ஓர் என்.ஓ.சி. வேண்டும். இவர் எங்களிடம் பணிபுரிகிறார், பணி நேரத்துக்குப் பிறகு இவர் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நான்கு வரி, அதன் கீழே ஒரு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான். அதற்காக மூன்று வாரமாக மனிதவளப் பிரிவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். வேலையில் இருந்தபடியே மேற்படிப்புக்கு முயன்றவர்களுக்கு அந்த மேஜையை நான் விவரிக்கத் தேவையில்லை.

முதல் முறை போனபோது, மனிதவள அதிகாரிக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். அந்த அதிகாரி அதைப் படிக்கவே இல்லை. "வேலைதான் இருக்கே மேடம், இன்னும் எதுக்குப் படிப்பு?" என்றார். ஏதோ தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னேன். முடிக்கவிடாமல், "குழந்தை சின்னதாச்சே, சாயங்காலம் யார் பாத்துப்பாங்க?" என்று அடுத்த கேள்வி. என் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது நானும் என் கணவரும் பேசி முடிவு செய்யும் விஷயம். அதை எப்போதோ பேசி முடித்துவிட்டோம். வாடிக்கையாளர் வருகிறார் என்று இதே நிறுவனம் என்னை இரவு ஒன்பதரை வரை உட்கார வைத்த நாட்களில், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

இரண்டாவது முறை போனபோது கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பணித் தேவை ஏற்படும் நாட்களில் வகுப்புக்குச் செல்ல மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டுமாம். எங்கள் பிரிவில் பணித் தேவை ஏற்படாத நாள் எது? வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது என்று விளக்கினேன். "அது காலேஜ் பிரச்சினை மேடம்" என்று காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டார். அம்பத்தூரில் ஐந்து மணிக்கு வேலையை முடித்து, திருமங்கலத்தில் மெட்ரோ பிடித்து, ஆலந்தூரில் மாறி, கிண்டியில் ஆறேகாலுக்கு வகுப்பில் உட்கார முடியுமா என்று இரண்டு முறை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஐந்து மணிக்குக் கிளம்ப விட்டால் முடியும். முழுநேரத்தில் இரண்டு ஆண்டுகளில் முடிகிற படிப்பு பகுதிநேரத்தில் மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளும் என் சொந்த மாலைகள்.

இன்று மூன்றாவது முறை. கடிதம் தயார் என்று அவரே அழைத்ததால் நம்பிப் போனேன். கையில் கிடைத்தது இரண்டு பக்கம். என்னுடைய நான்கு வரி முதல் பக்கத்தின் மேலே இருந்தது. அதற்குக் கீழே ஒரு நீண்ட பத்தி, படிப்பை முடித்த பின் மூன்று ஆண்டுகள் நான் இங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் ஆறு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. "சார், கட்டணத்தை நிறுவனம் கட்டுகிறதா?" என்று கேட்டேன். இல்லை. படிப்பு விடுப்பு உண்டா? இல்லை. தேர்வு நாட்களுக்காவது? "அதுக்கு உங்க லீவை எடுத்துக்கோங்க." அப்படியானால் எதற்காக இந்தப் பத்திரம் என்றேன். "இது ஸ்டாண்டர்ட் ஃபார்மேட் மேடம்" என்றார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத படிப்புக்கு என்னுடைய ஆறு ஆண்டுகளை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்!

எனக்கு ஏன் இந்தப் படிப்பு என்று அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால், போன ஆண்டு உடைந்து திரும்பி வந்த, வண்டிப் பாகத்தைத் தாங்கிப் பிடிக்கும் அந்த பிராக்கெட்டைக் காட்டியிருப்பேன். கணினியில் நான்தான் அதைப் பரிசோதித்தேன். விசை அதிகமான இடத்தைக் காட்டும் சிவப்பு எங்கும் இல்லை. உலோகம் தாங்கும் அளவில் பாதி விசைகூட அதன்மேல் வரவில்லை. ஆனாலும் வண்டியில் பூட்டிய ஏழாவது மாதம் வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தொடங்கி, அதிர்வில் வளர்ந்து, துண்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப விழுகிற சிறு விசை உலோகத்தைக் களைப்படையச் செய்யும் என்பதைப் பி.இ.யில் ஒரு பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த வெல்டிங் எத்தனை லட்சம் அதிர்வைத் தாங்கும் என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை. அது ஏன் உடைந்தது என்று பேசிய கூட்டத்தில் எம்.இ. முடித்த ஒரே ஒருவர் எழுந்து வெண்பலகையில் அதைப் போட்டுக் காட்டினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு வலிக்கிறது. அடுத்த மாதமே பதவி உயர்வுக்கான தகுதிப் பட்டியலை ஒட்டினார்கள். குழுத் தலைவர் பதவிக்கு எம்.இ. விரும்பத்தக்கது என்று அதில் எழுதியிருந்தது. கீழே இருந்ததும் இதே அதிகாரியின் கையெழுத்துதான்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட் (GATE) என்னும் பொறியியல் மேற்படிப்புக்கான தகுதித் தேர்வில் தேறி முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. எங்கள் வீட்டுக் கடன் தவணை மட்டுமே 21,000. கேட் மதிப்பெண்ணும் மூன்று ஆண்டுகள்தான் செல்லும், என்னுடையது வரும் மார்ச்சோடு முடிகிறது. தபாலில் முடித்துவிடலாமே என்கிறார்கள். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியில்லாமல் தொலைநிலைக் கல்வியில் கொடுத்த பொறியியல் பட்டங்களில், 2005க்குப் பிறகு சேர்ந்தவர்களுடையதை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பட்டத்தை நம்பி வேலையும் பதவி உயர்வும் பெற்றிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! சுற்றிச் சுற்றிப் பார்த்தும் எனக்கென்று இருப்பது மாலை வகுப்பு என்ற இந்த ஒரே வழிதான், அதன் வாசலில் இந்த மேஜையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

படிக்கலாமா வேண்டாமா என்று ஓராண்டு யோசித்தேன். பணம், தூக்கம், மகள், மாமியாரின் முழங்கால், எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் படிப்பது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவை என்னிடமிருந்து பிடுங்க ஒரு ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்டுக்கு என்ன உரிமை?

இன்று பேருந்தில் வரும்போதே பையிலிருந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்து, என் நான்கு வரிகளை விட்டுவிட்டு மீதி அத்தனையையும் பேனாவால் அடித்து, ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். விண்ணப்பத்தோடு கடிதத்தைப் பதிவேற்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்கு அதை அவர் மேஜையில் வைப்பேன்.