வாட் எண் இரு மடங்கானால் சத்தமும் இரு மடங்காகுமா?

‘120 வாட் ஸ்பீக்கர் 60 வாட் ஸ்பீக்கரைவிட இரு மடங்கு சத்தம் தரும், எனவே ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த வயர்லெஸ் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை வாங்குவோர் வாட் எண்ணைப் பார்த்தால் போதும்’ என்றொரு கூற்று பரவி வருகிறது. இது தவறு.

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் ஒரு மடக்கை அளவு, அதாவது மடங்குகளைக் கணக்கிடும் அளவு என்பதால், மின்திறன் இரு மடங்காகும்போது ஒலி 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. நம் காதுக்கு அது சிறிய வேறுபாடு. சத்தம் இரு மடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் உயர்வு, அதாவது 10 மடங்கு மின்திறன் தேவை. அந்தக் கணக்கில் 60 வாட்டைவிட இரு மடங்கு சத்தத்துக்குத் தேவை 600 வாட்டே தவிர 120 அன்று.

பெட்டியில் அச்சிடப்படும் எண்ணும் எப்போதும் ஒரே பொருளைத் தருவதில்லை. சிலர் தொடர்ந்து தரக்கூடிய திறனையும், சிலர் கணநேர உச்சத் திறனையும் குறிப்பிடுகிறார்கள். இணையாக வரும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் உள்ள வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தருவது), ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தருவது) அனைத்துக்குமான திறனைக் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதும் உண்டு. இத்தகைய எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வாங்குபவரை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பதே என் கவலை.

மின்திறனுக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. இசையில் திடீரென எழும் உச்சங்கள் சிதையாமல் ஒலிக்கக் கூடுதல் திறன் உதவும். ஆயினும் மிதமான சத்தத்தில் வீட்டில் கேட்கும்போது பெரும்பாலும் சில வாட்டுகளே செலவாகின்றன. ஆகவே, தயாரிப்பாளர் தரும் அதிகபட்ச ஒலி அழுத்த அளவையும் (ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதைக் காட்டும் டெசிபல் எண்), அது எத்தனை மீட்டர் தொலைவில் அளக்கப்பட்டது என்பதையும், தாழ்சுருதி (பேஸ்) எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்பதையும் முதலில் பாருங்கள்.