ஃபுகுவோகா வீட்டின் குளியல் தொட்டி

கால்பந்துப் போட்டி முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் மைதானத்தில் குப்பை பொறுக்கும் வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடி வந்திருக்கிறது. கீழே பெரியப்பா, "ஒழுக்கம் அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று எழுதியிருக்கிறார். பரிமாற்ற மாணவியாக ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் இருந்தவள் நான். இந்த ரத்தக் கதையை என்னால் ஏற்க முடியவில்லை, பெரியப்பா.

முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். விருந்தாளி என்பதால் என்னைத்தான் முதலில் குளிக்க அனுப்பினார்கள். அங்கே தொட்டிக்கு வெளியே தாழ்வான ஒரு ஸ்டூலும் சின்ன வாளியும் இருக்கும். அதில் உட்கார்ந்து சோப்பு போட்டு, நுரை கொஞ்சமும் இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். கழுத்துவரை சுடுநீரில் அமிழ்ந்து அசதி தீர்வதற்குத்தான் தொட்டி. எல்லாம் சரியாகச் செய்தேன். எழுந்து வரும்போது அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நாம் இறங்கிய தண்ணீரை இன்னொருவருக்கு விட்டுவைக்கக் கூடாது என்பது என் வளர்ப்பு. அந்த வீட்டில் நாலு பேர் அதே தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள்.

ஒகாசான் (அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டி மறுபடி நிரம்பும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் என்னைக் கூட்டிப்போய், சூடு ஆறாமல் இருக்கத் தொட்டிக்கு மூடி போடுவதைக் காட்டினார். எல்லோரும் குளித்து முடித்த பிறகும் தண்ணீரைக் கொட்டவில்லை. காலையில் ஒரு குழாய் வழியாக அது துணி துவைக்க வாஷிங் மெஷினுக்குப் போனது.

அந்த வீட்டுப் பையனுக்குப் பத்து வயது. தண்ணீரில் ஒரு முடி மிதந்தாலும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவான். அவன் அக்கா கதவைத் தட்டித் தட்டிச் சொல்லி வந்த பழக்கம் அது. பள்ளியிலும் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு முறைபோட்டு மதிய உணவு பரிமாறுகிறார்கள். தொடக்கப் பள்ளி மட்டுமே ஆறு வருடம். மைதானத்தில் குப்பை பொறுக்குவது அந்தக் கைகள்தான்.

1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் பெரும்பாலான குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான். ஃபுகுவோகாவில் இரவில்தான் குப்பை வண்டி வரும். பொழுது சாய்ந்த பிறகு, நள்ளிரவுக்குள், அதற்கென்று விற்கும் பையில் வெளியே வைக்க வேண்டும். தப்பாகப் பிரித்திருந்தால் பை ஸ்டிக்கரோடு அங்கேயே கிடக்கும், தெருவே பார்க்கும். அந்த வெட்கமும் சேர்ந்த சுத்தம் இது. எனக்குச் சில நாள் மூச்சு முட்டியது என்பதையும் மறைக்கவில்லை. ரயிலில் போனில் பேசுவது அங்கே மரியாதை இல்லை; அம்மா கூப்பிட்டால்கூட எடுக்க முடியாமல் அழுகை வந்திருக்கிறது.

ரத்தம் என்று சொல்லிவிட்டால் இத்தனை பேரின் உழைப்பும் காணாமல் போகிறது. நமக்கும் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஒன்று மட்டும் கடைசிவரை எனக்கு உறுத்தியது. யார் எந்த நேரத்துக்கு வந்தாலும் அந்த வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் ஒகாசான்தான். மூன்றாம் மாதம் என் முறை மாறியது. ஒதோசான் (அந்த வீட்டு அப்பா), தம்பி, அக்கா, அப்புறம் நான். விருந்தாளி இடம் போய், ஒகாசானுக்கு முந்தின இடம் கிடைத்த அன்று இரவு, மூடியைச் சரியாகப் போட்டுவிட்டு வந்து அவரைக் கூப்பிட்டேன்.