ஜப்பானை மடக்கியதுபோல் சீனாவை மடக்க முடியுமா?

1987 ஜூலையில் அமெரிக்க எம்.பி.க்கள் சிலர், தங்கள் நாடாளுமன்றப் புல்வெளியில் வைத்து ஒரு தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள், கேமராக்காரர்களை வரவழைத்துத்தான். தோஷிபா குழுமத்து நிறுவனம் ஒன்று சோவியத்துக்கு இயந்திரம் விற்றது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் ஜப்பான் காரும் ஜப்பான் சிப்பும் சந்தையைப் பிடித்த எரிச்சலும் அந்தச் சம்மட்டியில் இருந்தது. இன்று சீனாவைப் பற்றிப் பேசுவதில் பாதி, அன்று ஜப்பானைப் பற்றிப் பேசியதுதான்.

அன்று அமெரிக்கா ஜெயித்தது. ஜப்பான் சரக்கு விலையேறும்படி டாலர் மதிப்பை இறக்கச் செய்த 1985 பிளாசா ஒப்பந்தத்தின்போது ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, மூன்றே ஆண்டில் 120-ஐ ஒட்டி வந்துவிட்டது. 1986-ல் ஜப்பான் சிப் விற்பனைக்குக் கடிவாளம் போட்ட ஒப்பந்தம், மறு ஆண்டே சில ஜப்பானியப் பொருள்களுக்கு 100% வரி. 1989 கடைசியில் உச்சம் தொட்ட டோக்கியோ பங்குச்சந்தை, அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024-ல். (எல்லாப் பழியையும் பிளாசா மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. வட்டியைக் குறைத்து நிலத்தின் விலையை ஊதவிட்டது டோக்கியோவேதான்.) ஆனாலும் ஜப்பானால் ஏன் எதிர்த்து நிற்க முடியவில்லை? அதன் மண்ணில் அமெரிக்கப் படை. அதன் சரக்குக்கு அமெரிக்கச் சந்தை.

சீனாவில் அமெரிக்கப் படைத்தளம் கிடையாது. சந்தைச் சார்பு உண்டு, ஆனால் அது இருபக்கமும் வெட்டும். 2025 ஏப்ரலில் டிரம்ப் வரியை 145% வரை ஏற்றினார். சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் (rare earths) அவற்றில் செய்யும், கார் மோட்டாருக்கு வேண்டிய காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. காந்தம் கிடைக்காமல் மே மாதம் ஃபோர்டின் சிகாகோ ஆலை சில நாள் நின்றது. அதே மாதம் ஜெனீவாவில் பேசி வரியை 30%-க்கு இறக்கினார்கள்.

இதில் வேடிக்கை, அந்த மண் அமெரிக்காவிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒருகாலத்தில் உலகத்துக்கே சப்ளை செய்தது. சீன விலையோடு போட்டி போட முடியாமல், சுற்றுச்சூழல் சிக்கலும் சேர்ந்து 2002-ல் படுத்தது. பிறகு திறந்தபோதும், வெட்டியதைச் சுத்திகரிக்கச் சீனாவுக்கே கப்பலேற்றினார்கள். 2010-ல் ஜப்பானுக்குச் சீனா இதே சரக்கை நிறுத்திக் காட்டியது. ஜப்பான் சுதாரித்து ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் பணம் போட்டது. வாஷிங்டன் தூங்கியது.

அதற்காகச் சீனா முதல் நாற்காலியில் உட்காரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. 2024 கடைசியில் உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலர் ஏறக்குறைய 58%, சீன யுவான் 2% அளவுதான். 2022 முதல் சீன மக்கள்தொகையும் குறைகிறது. அமெரிக்கா முதலிடத்தில் நீடிக்கும். நினைத்தவரை மடக்கும் வசதிதான் போய்விட்டது.

'அப்போ இந்தியா?' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 2025 ஆகஸ்டில் நமக்கு 50% வரி விழுந்தது, அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காகவாம். திருப்பூர் பனியனுக்கு அடி விழுந்தது. மருந்துக்கு விலக்கு கிடைத்தது, ஏனென்றால் நம் மலிவு மாத்திரை அவர்களுக்கு வேண்டும். அந்த மாத்திரைக்காக நாம் இறக்குமதி செய்யும் மூலப்பொருளில் பெரும்பகுதி வருவது சீனாவிலிருந்து.