‘ஆளவந்தான்’ அனிமேஷன் காட்சி ‘கில் பில்’லின் நகலா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில், ‘ஆளவந்தான்’ படத்தைப் பாராட்டுவோருக்கு மறுப்பாக, அதன் அனிமேஷன் கொலைக் காட்சி ‘கில் பில்’ என்னும் ஹாலிவுட் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றொரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு. ‘ஆளவந்தான்’ 2001 நவம்பரில் வெளியானது. ‘கில் பில்’ முதல் பாகம் 2003 அக்டோபரில்தான் திரைக்கு வந்தது. கதையும் இரவல் அன்று: கமல்ஹாசன் எழுதிய ‘தாயம்’ தொடர்கதையே அதன் மூலம். சிற்றன்னையின் கொடுமையில் மனம் சிதைந்த நந்து என்னும் கதாபாத்திரத்துக்கு நிஜமும் கற்பனையும் கலந்தே தெரிவதால், அவன் செய்யும் கொலை பாதியில் கார்ட்டூனாக மாறுகிறது; வன்முறையை அவன் மனத்துக்குள்ளிருந்து காட்டும் அந்த உத்தியே, 2023 டிசம்பரில் மறுவெளியீடு கண்ட இப்படத்தில் ரசிகர்கள் வியந்து பேசும் இடம். காலம் தாழ்ந்து கிடைத்த அந்தப் பாராட்டை, ஆண்டுக் கணக்கைக்கூடச் சரிபார்க்காத ஒரு பதிவு பறிப்பது நியாயமன்று. பகிர்ந்தவர்கள் இவ்விரு ஆண்டுகளையும் அதே குழுவில் குறிப்பிட வேண்டுகிறோம்.