கண்டிக்கு ஒரு முழு நாள்

ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டிக்குப் போகும் மலையகத் தமிழராகிய நம்மில் பெரும்பாலோர் வைத்தியசாலைக்கோ, வழக்குக்கோ, கலியாணப் புடைவை எடுப்பதற்கோதான் போகிறோம். காரியம் முடிந்ததும் திரும்பும் பஸ்ஸில் இடம் பிடிப்பதே பெரும் கவலையாகிவிடுகிறது. முப்பது வருடங்களாக அப்படியே வந்துபோன என் அம்மாவை, சென்ற மாதம் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் அங்கே அழைத்துச் சென்றேன். அந்த நகரத்துக்கு நாம் ஒவ்வொருவரும் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

காலையில் வாவியைச் சுற்றி மெதுவாக நடந்தோம். வயலாகக் கிடந்த நிலத்தில் 1807இல் அந்த வாவியைக் கட்டுவித்தவன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடிய கடைசி மன்னன். அவனையும் சேர்த்து 1739 முதல் கண்டியை ஆண்ட மன்னர் நால்வரும் நாயக்கர் வழியினர் என்று நான் சொன்னபோது, இத்தனை வருடமும் இதை யாரும் தன்னிடம் சொன்னதில்லையே என்று அம்மா வருத்தப்பட்டார்.

புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை வளாகத்தில் நான் அதிக நேரம் நின்றது மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தில்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி, செதுக்கு வேலை நிறைந்த அந்த மரத்தூண்களுக்கு நடுவில்தான் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. பரீட்சைக்காக மனனம் செய்த அந்தத் திகதி, தூணில் கை வைத்தபடி நிற்கும்போது வேறு பொருள் தந்தது. மன்னனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். அவன் 1832இல் அங்கேயே இறந்தான். அவனிடமிருந்து பறித்த மலைகளில் கோப்பி பயிரிடுவதற்காகத்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள். நம்முடைய கதையைக் கோப்பித் தோட்டத்திலிருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம். அது இந்த மண்டபத்திலிருந்து தொடங்க வேண்டியது என்பதே என் எண்ணம்.

பகலில் சந்தைக்கு அருகில் ஒரு சிறிய கடையில் சோறும், பருப்பும், பொலொஸ் கறியும், வல்லாரைச் சம்பலும் சாப்பிட்டோம். பிஞ்சுப் பலாக்காயை மசாலாவோடு நெடுநேரம் வேகவைத்துக் கருநிறமாக இறக்கும் அந்தக் கறிக்காகவே இன்னொரு முறை போகலாம். பிறகு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். கொழுந்து பறித்தே காலம் கழித்த அம்மா, பிறர் ஊற்றிக் கொடுத்த தேநீரை அவசரமில்லாமல் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

மாலை ஆறரை மணிப் பூசைக்கு மாளிகைக்குத் திரும்பினோம். கீழ் மண்டபத்தில் கெட பெர, தவுல, தம்மெட்டம என்னும் சிங்கள மேளங்கள் ஒன்றாக முழங்க, அவற்றுக்கு மேலே ஹொரணே என்னும் ஊதுகுழல் தனித்து எழுந்தது. தவுல என்ற பெயரிலேயே நம் தவில் ஒலிக்கிறது. ஹொரணேயோ நாதஸ்வரத்தின் உறவுக்காரனைப் போல அழுகிறது. மேல் மாடிக்குச் செல்லும் வரிசை நகர்ந்தபோதும் அம்மா நகரவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் கேட்டால் நிற்பதைப் போலவே, கைகளைக் கூப்பியபடி வாத்தியக்காரர்களுக்கு எதிரில் நின்றுவிட்டார். போக நினைத்திருந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம்.