கிரீஸில் தினமும் 13 மணி நேர வேலை கட்டாயமா?

‘கிரீஸில் இனி எல்லோருக்கும் தினமும் 13 மணி நேர வேலை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் தனியார் துறைக்கானது. ஒரே முதலாளியிடம் 13 மணி நேரம் வேலை பார்க்க அது அனுமதிக்கிறது; கட்டாயப்படுத்தவில்லை. அதுவும் ஆண்டுக்கு 37 நாள்தான். காரணம் எளிய கணக்கு: ஓவர்டைம் உச்சவரம்பு ஆண்டுக்கு 150 மணி, நாளொன்றுக்கு 4 மணி. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் வேலையின் ஒன்பதாவது மணி நேரத்துக்கு (இது ஓவர்டைம் கணக்கில் சேராது) 20%, ஓவர்டைமான பத்தாவது முதல் பதின்மூன்றாவது மணி நேரம் வரை 40% கூடுதல் கூலி. மறுத்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது.

இரண்டு முதலாளிகளிடம் பிரித்து 13 மணி நேரம் உழைக்க ஏற்கெனவே வழி இருந்தது.

ஆனால் சிறிய கடையில் முதலாளி முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று யார் சொல்வார்கள்? தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததில் நியாயம் உண்டு.