கேரண்டி அட்டையை நம்பிப் பாத்திரம் வாங்காதீர்கள்

கல்யாண சீசன் வந்தால் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "புதுக் குடித்தனத்துக்குப் பாத்திரம் எடுக்கணும், எது நல்லா உழைக்கும்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

கடைக்குப் போனதும் நாம் கேட்பது, "எத்தனை வருஷம் கேரண்டி?" போன மாதம் திருப்பூரில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து உருப்படி கொண்ட நான்ஸ்டிக் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா கேட்கிறார், "ஏந்தம்பி, இது அடி புடிக்காதுங்களா?" "புடிக்காதுங்க்கா, கேரண்டி கார்டே இருக்குதுங்க" என்றார் கடைக்காரத் தம்பி. அந்த அட்டையை வாங்கிப் பின்பக்கம் படித்தேன். கீறல் விழுந்தாலோ மேல்பூச்சு தேய்ந்தாலோ கேரண்டி பொருந்தாது என்று இருந்தது. பூச்சுக்காகத்தான் அந்தச் செட்டையே வாங்குகிறோம். அதற்குக் கேரண்டி இல்லையென்றால் மற்றதற்கு இருந்து யாருக்கு என்ன லாபம்?

நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு. இந்தப் பாத்திரம் கெட்டுப்போனால் திரும்ப நல்லதாக்க முடியுமா? என் கையாலோ, ஊரில் இருக்கிற ஒரு தொழிலாளி கையாலோ, பக்கத்துக் கடையில் கிடைக்கிற உதிரி பாகத்தாலோ சரிசெய்ய முடியும் என்றால் தைரியமாக வாங்கலாம். முடியாதென்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது சில வருடங்களில் பழைய சாமான் மூட்டைக்குப் போகத்தான் போகிறது.

நான்ஸ்டிக்கைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பயமுறுத்தல்களில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. 1938இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது, டெஃப்லான் என்ற பெயரில் நமக்குத் தெரியும். பெயர்ந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். அதைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட்டுவிட்டன. பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் சில நிமிடங்களில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அந்தப் புகையில் கூண்டுப் பறவைகள் செத்தே போகும். நம் சமையலோ தாளிப்பதும் வதக்குவதும், முக்கால்வாசி பெரிய தீதான். மிதமான தீ, மரக்கரண்டி, மெத்தென்ற ஸ்பாஞ்ச் என்று அதற்குத் தகுந்தபடி நாம் மாற வேண்டும். அப்படி மாறினாலும் ஒருநாள் பூச்சு போகும். போனால் நம் தெருவில் யாராலும் அதைத் திரும்பப் பூச முடியாது. என் எதிர்ப்பு அங்கேதான். செராமிக் பூச்சு என்று வெள்ளையாக, அழகாக வருகிறதே, அது இன்னும் சீக்கிரம் வழவழப்பை இழக்கும்.

அப்படியானால் தோசைக்கு? இரும்புக் கல். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கல் ஒட்டுகிறது, இரும்பு ஒத்துவரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகப் பழக்காதவர்கள். புதுக் கல்லில் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும் இரும்புத் தூசியும் இருக்கும். முதலில் சோப்பும் கம்பி நாரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ ஊறவிட்டு, தினமும் எடுத்துத் தேய்த்துத் தண்ணீரை மாற்றுங்கள். தேய்க்கும்போது கறுப்புத் தண்ணீர் வருவது நின்றதும் துடைத்து அடுப்பில் வைத்து ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவிடுங்கள். இப்போதுதான் முக்கியமான வேலை. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் துணியால் கல் முழுக்கத் தேயுங்கள். பிறகு எண்ணெயே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு அதைத் துடைத்தெடுங்கள். அதன்பின் லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய மெல்லிய கறுப்புப் படலமாக மாறும். தோசை ஒட்டாமல் வருவதற்குக் காரணம் அதுதான். இதையே நாலைந்து முறை செய்யுங்கள். எண்ணெயை அதிகமாக விட்டால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், பலருக்குக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். முதல் சில நாள் வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டுக் கனமான தோசை, ஆம்லெட் என்று போடுங்கள். மெல்லிய ரோஸ்ட் எல்லாம் பிறகு.

சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாமல் காய்கிற சூட்டில் அந்தப் படலம் எரிந்துவிடும், மறுநாள் தோசை பிய்ந்து வரும். துளி சோப்புப் பட்டால் ஒன்றும் ஆகாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் ஆகாது. துருப் பிடித்தாலும் தேய்த்துப் பழையபடி பழக்கிக்கொள்ளலாம். உடைந்தாலொழிய இரும்புக் கல் பாழாவது அபூர்வம். வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். தகட்டு இரும்பு விரிசல் விடாது, ஆனால் அடி நெளிந்துபோகும். அதனால் கனமாகப் பார்த்து எடுங்கள். வாங்கும்போது கல்லைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது.

இரும்பு வடைச்சட்டியும் இப்படித்தான். பொரியல், வறுவல், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் அதில் ஜோராக வரும். புளிக்குழம்பு, ரசம், தக்காளி மட்டும் வேண்டாம். புளிப்பு அந்தப் படலத்தைத் தின்றுவிடும், குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும். செய்த பண்டத்தை அதிலேயே விட்டுவைக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

புளி சேர்ந்த சமையலுக்கு எவர்சில்வர்தான். இதில் ஏமாற்று நிறைய நடக்கிறது, கவனமாக இருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தில் வைத்து, "பாருங்க, ஒட்டல, அசல் 304" என்பார். 304 என்பது ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த ரகம், துருவுக்கு நன்றாகத் தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகம் விலை மலிவு, தாங்கும் சக்தியும் கம்மி. அதிலும் காந்தம் ஒட்டாது! அதனால் அந்தச் சோதனையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகட்டை அழுத்தி வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக இழுப்பதும் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் சூடேறாது. காந்தத்தை விட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், பில்லில் ரகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை போட்டிருக்கிறது. எழுதித் தர மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

எவர்சில்வரில் அடிபிடிப்பதற்குக் காரணம் அது சூட்டைப் பரப்பாததுதான். அலுமினியம் கடத்துகிற சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது கடத்தாது. தீ படுகிற வட்டம் கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். இதற்குத்தான் டிரைப்ளை வந்தது: உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர். விலை அதிகம்தான். ஆனாலும் ஒரு கடாய், ஒரு சாஸ்பேன் மட்டுமாவது இதில் எடுக்கச் சொல்வேன். அடியில் மட்டும் கனமான தகடு ஒட்டியது ஒன்று, பக்கவாட்டிலும் மூன்று அடுக்கு ஏறுவது ஒன்று என இரண்டு விதம் உண்டு. கேஸ் அடுப்பில் தீ பக்கத்தில் ஏறும் என்பதால் இரண்டாவதுதான் நல்லது. உணவு படுகிற பக்கம் பூச்சு எதுவும் இல்லாததால் கருகினாலும் கவலையில்லை. தண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். சமையல் உப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள், புள்ளி புள்ளியாக அரித்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள்.

கைப்பிடியையும் பாருங்கள். ரிவிட் அடித்த பிடி நெடுநாள் நிற்கும். புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த வெறும் ஸ்பாட் வெல்டிங் என்றால் கனமான குழம்போடு தூக்கும்போது ஒருநாள் கையோடு வந்துவிடும், அது ஆபத்து. பேக்கலைட் பிடியாக இருந்தால் அதே பிடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

என் கேள்விக்கு மிக நல்ல பதில் சொல்கிற பொருள் நம் பிரஷர் குக்கர். கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு, பிடி, ஸ்க்ரூ என எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் தொங்கும். குக்கர் ரிப்பேர் என்று தனிக் கடையே இருக்கும். எந்தக் குக்கர் வாங்கலாம் என்றால், உங்கள் ஊரில் எதற்கு ஸ்பேர் கிடைக்கிறதோ அது என்பேன். 2021 பிப்ரவரி முதல் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று முத்திரை இல்லாததை வாங்கிவிடாதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி என் மனதுக்கு நெருக்கமானது, பித்தளை. பொங்கல் வைக்கவும் பாயசம் கிண்டவும் அதற்கு இணை கிடையாது. ஆனால் உள்ளே ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூசாமல் புளிப்பு எதையும் வைக்கக் கூடாது, செம்பு இறங்கிக் களிம்பேறும். "பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் குரல் வரும். கரி அடுப்பை மூட்டித் துருத்தியால் ஊதுவார்கள். தேய்த்துச் சுத்தம் செய்த பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரம் என்கிற உப்பைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை எழும். உடனே ஈயக் குச்சியால் ஒரு தொடு தொட்டு, உருகியதைத் துணியால் சுழற்றித் துடைப்பார்கள். மஞ்சளாக இருந்த உள்பக்கம் நம் கண்ணெதிரே வெள்ளி மாதிரி வெளுக்கும். உடனே தண்ணீரில் முக்கி எடுத்துத் தருவார்கள். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், பாத்திரம் பேரன் பேத்தி காலம்வரை நிற்கும். பூச்சு இருக்கிற பாத்திரம் எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பப் பூச ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் (லெட்) விலை குறைவு என்று கலக்கிறவர்கள் உண்டு, அது விஷம். ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்குகிறவர்களும் இதே எச்சரிக்கையோடு, தெரிந்த கடையில் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டை விழும்.

மண்சட்டி மீன் குழம்புக்கு உயர்வு. உடையும், ஆனால் இன்னொன்று வாங்கக் கையைக் கடிக்காது. மானாமதுரை மாதிரி ஊர்களில் அதை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. பளபளவென்று வார்னிஷ் அடித்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சேலத்து மாக்கல் சட்டியில் வத்தக்குழம்பு வைத்தால் இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த ருசியே தனி. கீழே போட்டால் போச்சு என்பதால் புதுக் குடித்தனத்துக்கு முதல் வருடமே வேண்டாம்.

சரி, புதிதாக ஆரம்பிக்கிற இரண்டு பேருக்கு என்னதான் வாங்குவது? இரும்பு தோசைக்கல், இரும்பு வடைச்சட்டி, டிரைப்ளை கடாய் ஒன்று, சாஸ்பேன் ஒன்று, ஐ.எஸ்.ஐ. குக்கர், பாலுக்கும் சாதத்துக்கும் கனமான எவர்சில்வர் பாத்திரங்கள், ஒரு மண்சட்டி. முதல் வருடத்துக்கு இது தாராளம். பத்து உருப்படி, பதினைந்து உருப்படி என்று டப்பாவில் வருகிற செட் வேண்டவே வேண்டாம். எதைச் சமைக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். சீர் கொடுக்கிற பெற்றோரும் எண்ணிக்கையைப் பார்க்காமல் கனத்தைப் பாருங்கள். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பட்டறைக்காரர்கள் பித்தளையையும் செம்பையும் அடித்துச் செய்கிறார்கள். அங்கிருந்து வாங்கிக் கொடுக்கிற ஒரு பித்தளைப் பாத்திரம் வீட்டில் தலைமுறைக்கும் நிற்கும். ஒருவேளை விற்க நேர்ந்தாலும் எடைக்கு நல்ல காசு வரும்.

ஒரு உதவி கேட்கிறேன். ஈயம் பூசுகிறவர்கள் எங்கள் பக்கம் அருகிவிட்டார்கள், பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடி அலைகிறவர்கள் பலர். உங்கள் ஊரில் இப்போதும் வெள்ளீயம் பூசுகிற கடை இருந்தால் ஊரையும் கடைவீதியையும் கீழே எழுதுங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து இதே பதிவில் சேர்த்துவிடுகிறேன்.